வயல் மனையில் ஆத்தங்குடித் தரை: ஓதம் ஏறிய ஒரு புது வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூரின் விரிவுப் பகுதியில், முன்பு நெல் விளைந்த நிலத்தில் எழுந்த மனை அது. வீட்டின் பின்சுவரிலிருந்து ஏறக்குறைய 60 அடி தள்ளிப் பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஓய்வு பெற்ற தம்பதியும் மகன் குடும்பமும் சேர்ந்து வாழக் கட்டியது. தரைத்தளம் 1,450 சதுர அடி. வீட்டின் நடுவே 8 அடிக்கு 8 அடி முற்றம், அதைச் சுற்றி 3 அடி அகலத் தாழ்வாரம், முகப்பில் காவித் திண்ணை, காரைக்குடிப் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு தேக்குத் தூண்கள், கூடத்திலும் தாழ்வாரத்திலும் பூஜை அறையிலும் ஆத்தங்குடித் தரை, அதாவது செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் வண்ணப் பூச் சிமெண்ட் கல் பாவிய தரை. பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் புது வீடு கட்டுபவர்கள் விரும்பிக் கேட்கும் பட்டியல்தான் இது. விருப்பத்தில் தவறில்லை. நூறு ஆண்டு மிதிபட்டும் நிறம் குன்றாத ஆத்தங்குடித் தரைகள் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் உள்ளன.

ஆனால் அந்த வீடுகள் எங்கே, எப்படி நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை நகரத்தார் கட்டிய வீடுகள் வறண்ட செம்மண், செம்புறை நிலத்தில் இருக்கின்றன. வாசலுக்குப் பல படி ஏறித்தான் போக வேண்டும். முற்றம் தாழ்வாரத்தைவிட ஆழமாக இருக்கும், ஓரமெல்லாம் கல் பாவியிருக்கும். சுவரும் தரையும் சுண்ணாம்புக் காரை என்பதால் உள்ளே போன ஈரம் வெளியேறவும் வழி இருந்தது. இந்த வீட்டுக்கு வந்தது கல் மட்டும்தான். பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையைத் தூக்கி நிறுத்தும் அடிப்பகுதி, மனையின் மண்ணிலிருந்து ஒன்றேமுக்கால் அடி உயரம்தான். வீடு முடிவதற்குள் தெருவில் புதிய சாலை போட்டு உயர்த்திவிட்டதால், சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றேகால் அடி.

தரை போட்ட விதம்

10 அங்குலக் கல் தேர்வானது. ஒரு சதுர அடிக்கு 1.44 கல் வீதம் 620 சதுர அடிக்கு 893 கற்கள் தேவை. 930 வாங்கினார்கள். வெட்டிலும் உடைப்பிலும் 23 போக, மீதி 14.

மார்ச் மாதம், விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்துப் பழகிய ஆட்களே இதையும் பதித்தார்கள். பழுதின் முதல் கண்ணி இங்கே. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, உலர்த்தி, கண்ணாடியைக் கழற்றுவார்கள். அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. வண்ணம் இருப்பது மேலே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரைதான்.

பதித்தவர்கள் கல்லின் மேல் படிந்த சிமெண்ட் பாலை அன்றே துடைக்கவில்லை. பத்து நாள் கழித்து, வழக்கம்போல ஆசிட் கலந்த தண்ணீரில் கழுவினார்கள். ஆசிட் சிமெண்டைத் தின்னும். இந்தக் கல்லின் முகமே சிமெண்ட் என்பதால் அழுக்கோடு மினுமினுப்பும் போனது. மங்கிய இடங்களைச் சரிசெய்ய மெருகு மெஷின் வந்தது. கையால் செய்த கல்லில் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கும். மெஷின் உயர்ந்த விளிம்புகளை மட்டும் தேய்த்து, பூவிதழின் ஓரங்களை வெளிறச் செய்தது. கடைசியில் அத்தனையையும் மறைக்க ஒரு பளபளப்புப் பூச்சு. வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அந்தப் பளபளப்பைத்தான் பார்த்தார்கள்.

கண்டவை, காலவரிசையில்

ஆடியில், ஒரு சொட்டு மழை இல்லாத வாரத்தில், கூடத்தின் பின்சுவர் ஓரம் இரண்டு வரிசைக் கற்கள் கறுத்தன. துடைத்தால் போகவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் கறுத்த கற்களின் மேல் பூச்சு பால் நிறமாக மங்கியது.

ஐப்பசியில் ஒரே இரவு அடைமழை. முற்றத்துக்குள் ஓட்டுச் சரிவும் சேர்ந்து 14 அடிக்கு 14 அடி, அதாவது சுமார் 18 சதுர மீட்டர் பரப்பின் மழை இறங்குகிறது. 10 சென்டிமீட்டர் மழை என்றால் 1,800 லிட்டர். அதை வெளியேற்ற இருந்தது 3 அங்குலக் குழாய் ஒன்று, அதன் வாயில் ஒரு நானி ட்ராப் (தரை வடிகாலின் சல்லடை மூடி). வேப்பிலை அடைத்துக்கொண்டது. முற்றம் தாழ்வாரத்தைவிட இரண்டு அங்குலம்தான் தாழ்வு என்பதால் காலையில் தண்ணீர் தாழ்வாரத்தில் நின்றது.

கார்த்திகையில், இனி மழையே உள்ளே வர வேண்டாம் என்று முற்றத்தின் கைப்பிடிச் சுவர் மேல் பாலிகார்பனேட் ஷீட்டைத் தட்டையாகப் போட்டு, ஓரங்களை சிலிக்கானால் அடைத்தார்கள். தண்ணீர் வருவது நின்றது, காற்றும் நின்றது. நண்பகலில் கூடம் புழுங்கியது. தாழ்வாரத்துக் கற்கள் காயவே இல்லை. மார்கழியில் கற்களின் இணைப்புகளில் வெள்ளை உப்புப் பூத்தது, பூச்சு செதில் செதிலாக உரிந்தது, பின்சுவரின் பெயிண்ட் ஓர் அடி உயரம் வரை பொரிந்தது. இந்த நிலையில்தான் பழைய வீடுகளைச் செப்பனிடும் பொறியாளர் ஒருவரும், ஆத்தங்குடிக் கல் பதிப்பதையே தொழிலாகக் கொண்ட கொத்தனார் ஒருவரும் அழைக்கப்பட்டார்கள்.

தோண்டிப் பார்த்தது

இருவரும் முதலில் கேட்டது எந்த மாதம் எங்கே கறுத்தது என்பதைத்தான். மழையில்லாத ஆடியில் கறுத்தது என்ற விடை முக்கியமானது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். டெல்டா வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் கரையோர மனைகளில் நிலத்தடி நீர் மேலேறும். ஆகவே ஈரம் ஒரு வழியாக வரவில்லை: பின்பக்கம் கீழிருந்து ஓதம் (மண்ணிலிருந்து மேலேறும் ஈரம்), நடுவில் முற்றத்திலிருந்து தேங்கல்.

இதை உறுதிசெய்ய மூன்று சோதனைகள். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை ஐந்து இடங்களில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டார்கள். பூச்சு ஈரத்தைத் தடுக்கும் என்பதால் அந்த இடங்களில் முதலில் அதைச் சுரண்டி எடுத்தார்கள். காலையில் தாழ்வாரத்தில் இரண்டும் பின்சுவர் ஓரம் ஒன்றும் உள்ளே வியர்த்திருந்தன. கூடத்தின் நடுவிலும் முன்பக்கத்திலும் தாள் உலர்ந்தே இருந்தது. இரண்டாவது, கொல்லையில் மூன்றடிக் குழி. மறுநாள் மண் மட்டத்திலிருந்து ஒன்றேமுக்கால் அடி ஆழத்தில் தண்ணீர் நின்றது.

மூன்றாவது, உப்புச் சோதனை. இணைப்பில் பூத்த வெள்ளைப் பொடியைக் கத்தியால் ஒரு ஸ்டீல் கரண்டியில் சுரண்டி எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டார்கள். நுரைக்கவில்லை. இன்னொரு சிட்டிகையில் தண்ணீர் விட்டதும் கரைந்துபோனது. மண்ணிலிருந்து ஏறிவரும் உப்பு அப்படித்தான் கரையும். பூச்சுக்கு அடியிலிருந்து எடுத்த பொடி தண்ணீரில் கரையவில்லை, வினிகரில் நுரைத்தது. அது சிமெண்டிலிருந்து வெளிவந்த சுண்ணாம்பு காற்றோடு கலந்து வெளுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். முதலாவது தண்ணீரின் பாதையை அடைக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது ஈரம் நின்றால் நின்றுவிடும். இந்தச் சோதனையைத் தரையின் மேல் நேராகச் செய்யக் கூடாது, வினிகரும் ஆசிட்தான்.

பின்சுவர் ஓரம் நான்கு கற்களைப் பெயர்த்தார்கள். கல் முக்கால் அங்குலம். அதன் கீழ் ஒன்றேகால் அங்குலக் கலவை, மேலே காய்ந்த சிமெண்டைத் தூவி ஒட்டியிருந்தது. அதற்கும் கீழே 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், மூன்று அங்குலம் என்று சொல்லப்பட்ட இடத்தில் இரண்டு. பாலித்தீன் தாள் இல்லை, மணல் நிரப்பலும் இல்லை. மனையைத் தோண்டியபோது கிடைத்த வயல் களிமண்ணையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி மூடியிருந்தார்கள். கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது. களிமண்ணின் நுண்துளைகள் தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். இன்னொன்றும் தெரியவந்தது: முற்றத்துக் குழாய் போய்ச் சேர்ந்த மழைநீர்ச் சேகரிப்புக் குழி, தாழ்வாரச் சுவரிலிருந்து நான்கே அடி தூரத்தில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. மொத்தத் தரையையும் பெயர்த்து விட்ரிஃபைட் போட்டுவிடலாம் என்றார் மகன். அது ஓதத்தை நிறுத்தாது, மறைக்கும். கல்லின் வழி வெளியேற முடியாத ஈரம் சுவர் வழியே ஏறும், பெயிண்ட் இன்னும் உயரத்தில் பொரியும். பூச்சை மட்டும் மாற்றலாம் என்று பூச்சு போட்டவர்கள் சொன்னார்கள். ஈரம் ஏறும் தரையில் எந்தப் பூச்சும் அடியிலிருந்து தள்ளப்படும் என்பதால் அதுவும் தள்ளுபடி ஆனது.

மூன்றாவது வழி ஏற்கப்பட்டது: 620 சதுர அடியிலும் பூச்சை அகற்றுவது, ஈரம் உறுதியான தாழ்வாரம் 132 சதுர அடியும் பின்சுவர் ஓரம் 58 சதுர அடியும் ஆக 190 சதுர அடியை மட்டும் அடியோடு பெயர்த்து மறுபடி போடுவது, முற்றத்தைத் திருத்துவது. கூடத்தின் மற்றப் பகுதியில் தாள் உலர்ந்திருந்தது, கற்களைத் தட்டினால் பொள்ளல் ஓசை இல்லை. அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

காலமும் சேர்த்தே முடிவானது. வழக்கமாக ஜனவரி 28 மேட்டூர் அணை மூடும் நாள். வாய்க்கால் வற்றியபின், பிப்ரவரியிலிருந்து ஜூன் தொடக்கம் வரைதான் இந்த மண் காயும். அதற்குள் தோண்டி, காயவிட்டு, கல்லையும் பதித்துவிட வேண்டும். தையிலேயே கல்லை மாற்றிவிட வீட்டார் விரும்பினார்கள், பொறியாளர் மறுத்துவிட்டார். அது சரியான மறுப்பு.

முற்றத்தை மூடுவதா திறப்பதா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரு கருத்து. குரங்கும் சாரலும் மகனின் கவலை, புழுக்கம் தாயாரின் கவலை. ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் வலை அடித்து, ஒன்றரை அடி வெளியே நீட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் முற்றத்தின் வடிகால் ஷீட்டே இல்லாததுபோலக் கணக்கிடப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் கூரைத் தகடுகள் எப்படிப் பறந்தன என்பது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஷீட் போனாலும் முற்றம் தாங்க வேண்டும்.

வேலை நடந்த முறை

பூச்சு என்ன வகை என்று முதலில் பார்த்தார்கள். பஞ்சில் தின்னர் நனைத்து ஐந்து நிமிடம் வைத்ததும் பிசுபிசுத்தது, ஆகவே அக்ரிலிக் வகை. எபாக்சியாக இருந்திருந்தால் இளகியிருக்காது, கல்லைக் காப்பாற்றுவதும் கடினமாகியிருக்கும். மிச்சம் இருந்த ஒரு கல்லில் சோதித்தபின் பெயிண்ட் ரிமூவரை நான்கு சதுர அடி வீதம் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, வேஸ்ட் துணியால் துடைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை கழுவினார்கள். கம்பிப் பிரஷ், ஆசிட், மெஷின் மூன்றும் இந்த வேலையில் நுழையவே இல்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்து ஆறு நாள் வேலை.

முற்றத்தின் தளத்தை உடைத்துத் தாழ்வாரத்திலிருந்து ஏழு அங்குலம் தாழ்த்தினார்கள். 110 மில்லிமீட்டர் குழாய் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். ஒன்று தளமட்டத்தில், மற்றது இரண்டு அங்குலம் மேலே. முதலாவது அடைத்தால் இரண்டாவது வாங்கும். அடிக்கு ஐந்தில் ஒரு அங்குலம் வாட்டம். சிமெண்ட் வகை நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், பக்கச்சுவரில் ஆறு அங்குலம் ஏற்றி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தபின்தான் கருங்கல் பலகை பதித்தார்கள். சேகரிப்புக் குழியை மூடிவிடவில்லை. மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். குழியை வீட்டிலிருந்து 18 அடி தள்ளி, மனையின் முன்மூலைக்கு மாற்றினார்கள்.

190 சதுர அடியில் இருந்த 274 கற்களைப் பெயர்த்ததில் முழுசாகத் தேறியவை 112. தூவிய சிமெண்ட் அவ்வளவு இறுகப் பிடித்திருந்தது. களிமண்ணை வாரி, தரைமட்டத்திலிருந்து ஒன்பதரை அங்குலம் ஆழமாக்கினார்கள். அடியிலிருந்து மேலாக அமைந்தவை இவை: 40 மில்லிமீட்டர் கழுவிய ஜல்லி நான்கு அங்குலம், மேலே அரை அங்குல மணல், 250 மைக்ரான் பாலித்தீன் தாள், மூன்று அங்குலம் 1:2:4 கான்கிரீட், ஒன்றேகால் அங்குலக் கலவை, முக்கால் அங்குலக் கல். அடி ஜல்லி 63 கன அடி, கான்கிரீட்டுக்குச் சிமெண்ட் ஒன்பது மூட்டை, தாள் 260 சதுர அடி பிடித்தது. ஜல்லியில் தூசி இருக்கக் கூடாது. கற்களுக்கு இடையே உள்ள பெரிய வெற்றிடம்தான் தண்ணீர் ஏறும் திரியை அறுக்கிறது, அதைத் தூசி நிரப்பினால் மறுபடி திரி ஆகிவிடும். மணல், கூர்முனைகள் தாளைக் குத்தாமல் இருக்க. தாளை ஒன்றின் மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏற்றி டேப் ஒட்டி, சுவரோரம் கான்கிரீட் உயரத்துக்கு மடித்து நிறுத்தினார்கள். கம்பி வேலை ஆள் செருப்போடு தாளில் ஏறியதில் இரண்டு ஓட்டை விழுந்தது. கொத்தனார் கண்ணில் பட்டதால் ஒட்டு போட முடிந்தது, கான்கிரீட் விழுந்தபின் தெரிந்திருக்காது.

கான்கிரீட்டைப் பத்து நாள் நனைத்து, ஐந்து வாரம் காயவிட்டார்கள். பின்சுவரில் இரண்டரை அடி உயரம் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சு போட்டார்கள். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறலாம். உப்பும் செங்கல்லைத் தின்னாமல் பூச்சைத் தின்னும். சில ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பூச்சை மாற்ற வேண்டியிருக்கும் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது.

கல் பதித்தது மே மாதம். கலவை 1:1:6, சிமெண்ட், சுண்ணாம்பு, மணல். குழைத்தது போர் தண்ணீரில் அல்ல, உப்பில்லாத குடிநீரில். கல்லை ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி, முதுகில் மெல்லிய சிமெண்ட் குழம்பு தடவி, மரச்சுத்தியால் தட்டி உட்கார வைத்தார்கள். இணைப்பு ஒரு மில்லிமீட்டர். கல்லின் நிறப்பொடியையே கலந்த குழம்பை இணைப்பில் விட்டு, ஒவ்வொரு சதுர கெஜம் முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தார் கொத்தனார். அவர் இடுப்பில் ஆறு துணி சொருகியிருந்தது. ஈரமான துணியை மறுபடி கல்லில் வைக்கவே இல்லை. ஈரத்துணி சிமெண்ட் பாலைத் துடைக்காமல் பரப்பிவிடும், பிறகு அதை எடுக்க ஆசிட் தேடுவார்கள். முதல் முறை தவறு தொடங்கியது இந்த ஒரு துணியில்தான்.

நிறம் சேராது என்பது தெரிந்த சிக்கல். கையால் கலக்கும் வண்ணம் தடவைக்குத் தடவை மாறும். பழைய பூவையே வாங்கி இடையில் சொருகினால் ஒட்டுப் போட்ட வேட்டி போல் தெரியும். ஆகவே முற்றத்தைச் சுற்றி மூன்று வரிசை, 105 சதுர அடி, வேறு பூவில் கரையாகப் போட முடிவானது. 151 கற்கள் தேவை, 175 வரவழைத்தார்கள். மீதி 85 சதுர அடிக்குத் தேறிய 112ம் கைவசம் இருந்த 14லிருந்து எடுத்தவையும் சரியாகப் போதுமாக இருந்தன.

மேலே பூச்சு ஏதும் இல்லை. முதல் இரண்டு வாரம் தினமும் வெறும் தண்ணீரில் துடைப்பு. பிறகு வாரம் ஒருமுறை, மடித்த துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய். துணி வழுக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது.

திண்ணையில் 9 அடி நீளத்துக்கு இடையில் பிரிப்பே விடாமல் காவி போட்டதால் நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. அந்த இடத்தில் நேர்கோடாக அறுத்துப் பித்தளைப் பட்டை வைத்தார்கள். அது வேறு தொந்தரவு தரவில்லை.

அடுத்த மழைக்காலம்

வாய்க்காலில் தண்ணீர் வந்த ஆடியில் பின்சுவர் ஓரம் கறுக்கவில்லை. கார்த்திகையில் அதே ஐந்து இடங்களில் தாள் ஒட்டிப் பார்த்ததில் நான்கு உலர்ந்திருந்தன. தாழ்வாரத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் தாளின் அடியில் லேசான மங்கல். அங்கே தூணின் அடிக்கல்லைச் சுற்றித் தாளை முழுதாகச் சேர்க்க முடியாமல் போனதே காரணம் என்று கருதப்படுகிறது. முற்றத்தில் தண்ணீர் தேங்கவில்லை. ஒருமுறை கீழ்க்குழாயில் இலை அடைத்தது, மேல்குழாய் வாங்கியது.

ஆசிட் பட்டு மங்கிய கற்கள் முழுதாகத் திரும்பவில்லை. எண்ணெய்த் துடைப்பில் நிறம் ஆழ்ந்தது, கண்ணாடி மினுமினுப்பு வரவில்லை. சாப்பாட்டு மேசையடியில் எலுமிச்சை ரசம் சிந்தி ஊறிய இரண்டு கற்களிலும், கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தால் யாரோ துடைத்த ஒரு கல்லிலும் புதிய வெளிறல் உண்டு. பூஜை அறையின் பின்சுவரில் ஓதம் இன்னும் இருக்கிறது. அங்கே தரையைத் தோண்டவில்லை, சுவருக்குள் ஏறுவதை தரைத்தாள் தடுக்காது.

மறுவேலைக்கான செலவு, முதலில் தரைக்கு ஆனதைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு.

இனி மாற்ற வேண்டியவை

வயல் மனையில் பேஸ்மட்ட உயரத்தைத் தீர்மானிக்கும் முன், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதத்தில் ஒரு மூன்றடிக் குழி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். அரை நாள் வேலை. இந்த வீட்டில் பேஸ்மட்டம் குறைந்தது மூன்றடி இருந்திருக்க வேண்டும், சாலை உயர்வதற்கு அதில் ஓர் அடி. பேஸ்மட்ட பெல்ட்டின் (சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) மேல் நீர்த்தடுப்புப் பட்டை போடாதது இப்போது எளிதில் திருத்த முடியாத குறை. பூஜை அறைச் சுவர் அதைத்தான் சொல்கிறது. ஜல்லியும் தாளும் முதலிலேயே போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு, பெயர்த்த கற்களின் விலையைவிடக் குறைவு.

கல்லைப் பதிக்கும் ஆளை, கல் வாங்கும் இடத்திலேயே கேட்டு அமர்த்துவது நல்லது. ஒப்பந்தத்தில் ஆசிட், மெருகு மெஷின், பளபளப்புப் பூச்சு மூன்றும் கூடாது என்று எழுத வேண்டும், வாய்மொழி போதாது. பதித்தபின் பெயிண்டும் மரவேலையும் நடப்பதால் தரையை மூடத்தான் வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரம் அடைபட்டுக் கறை விழும், பழைய அட்டைப்பெட்டியோ சாக்கோ போதும். சமையலறையிலும் சாப்பிடும் இடத்திலும் இந்தக் கல் வேண்டாம், புளியும் எலுமிச்சையும் புழங்கும் வீடு நம்முடையது. நூற்றுக்குப் பத்து கல் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு மட்டும் கூட்டி வாங்கியதால்தான் கரை என்ற உத்தி தேவைப்பட்டது.

இப்போது வீட்டில் பழைய பூவில் மூன்று கற்களும், கரைப் பூவில் இருபதுக்கு மேலும் பரணில் இருக்கின்றன. பூஜை அறைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டிருக்கிறார்கள். ஓதம் எதுவரை ஏறுகிறது என்று வரும் ஐப்பசியில் பார்த்தபின், சுவரை அறுத்து நீர்த்தடுப்பு வைப்பதா, அங்கேயும் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாறுவதா என்று முடிவு செய்வார்கள்.